படகில் உன் பெயரை எழுதச் சொல்!

புதுச்சேரிப் பெண்ணே, உனக்கு நீந்தத் தெரியுமா?

கேள்வி சுருக்கென்று தைத்தால் நல்லது. கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்தவள் நீ. பீச் ரோட்டில் ஐஸ்கிரீம் தின்று வளர்ந்தவள். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், கருங்கல் பாறையில் மோதித் தெறிக்கும் அலை எல்லாம் உன் செல்போனில் நூறு படமாக இருக்கும். உன் அண்ணனும் தம்பியும் யார் பேச்சையும் கேட்காமல் தண்ணீரில் குதித்தார்கள், வீட்டுக்கு வந்து அடி வாங்கினார்கள், மறுநாள் மறுபடி குதித்தார்கள். உன்னை மட்டும் கணுக்கால் நனையும் இடத்தில் நிறுத்தி, "அங்கயே நில்லு, துணி நனையப் போவுது" என்றார்கள். நீயும் நின்றாய். இன்னும் நிற்கிறாய்.

அந்தக் கணுக்கால் அளவுத் தண்ணீருக்கு நம் கடற்கரைப் பெண்கள் கொடுத்த விலை தெரியுமா? 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை வந்து போனபின், 2005ல் ஆக்ஸ்ஃபாம் அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. நமக்குப் பக்கத்து மாவட்டமான கடலூரில், இறந்த ஆண்களைப்போல ஏறக்குறைய மூன்று மடங்குப் பெண்கள் இறந்திருந்தார்கள். மீன் வரும் என்று கரையில் கூடையோடு காத்திருந்தவர்கள், வீட்டில் உலை வைத்துக்கொண்டிருந்தவர்கள், பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள். ஆண்கள் பலர் ஆழ்கடலில் இருந்ததால் தப்பினார்கள். நீந்தவும் மரம் ஏறவும் ஆண்பிள்ளைகள் பழகியிருந்தார்கள், பெண்பிள்ளைகளைப் பழக விடவில்லை என்பதும் அந்தச் சாவுகளுக்கான காரணங்களில் ஒன்று. பொத்திப் பொத்தி வளர்த்தது பாதுகாப்பு என்று நினைத்தோம். அதுவே கொன்றது.

ஆகவே உன்னிடம் மென்மையாகப் பேச எனக்கு மனசில்லை. கடலோரக் காவல்படைக்குப் போகலாமா, கடலோரப் போலீஸில் சேரலாமா என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டுக்கொண்டு, கேட்பவர்களிடம் "பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறேன்" என்று சமாளிக்கும் உனக்காக இதை எழுதுகிறேன். தேர்வெல்லாம் முடித்து, சீருடையும் போட்டு, ஏதோ ஒரு நிலையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைக்கப்பட்ட உன் அக்காவுக்காகவும்.

ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள். கடல் உன்னிடம் கேட்பவை சில உண்டு. கடலில் ஏற்கெனவே இருக்கும் ஆண்கள் கேட்பவை சில உண்டு. கடல் கேட்பதை முணுமுணுக்காமல் கொடு. அதற்குச் சலுகை கேட்காதே, கிடைக்கவும் கிடைக்காது. ஆண்கள் கேட்பதை ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் வைத்துப் பார். பாதி வெறும் பழக்கம். மீதியில் பாதி பயம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, "இந்த வேலைன்னா இப்படித்தான்" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர்கள்தான் பாதியில் திரும்பினார்கள்.

ரூபா அழகிரிசாமி என்ற பெயரை எழுதிச் சுவரில் ஒட்டு. நம் புதுச்சேரிக்காரர். இந்தியக் கடற்படையில் லெப்டினன்ட் கமாண்டர். 2024 அக்டோபர் 2ஆம் தேதி, கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் இவரும் 'தாரிணி' என்ற 56 அடிப் பாய்மரப் படகில் கோவாவிலிருந்து கிளம்பினார்கள். படகில் வேறு ஆள் கிடையாது. ஆஸ்திரேலியாவில் ஃப்ரீமேன்டில், நியூசிலாந்தில் லிட்டெல்டன், ஃபாக்லாந்து தீவில் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன். இந்த நான்கு துறைமுகங்களைத் தொட்டு, கேப் ஹார்ன் முனையைச் சுற்றி, 2025 மே 29ஆம் தேதி கோவா திரும்பினார்கள். 25,400 கடல் மைல், காற்றை மட்டும் நம்பி. வழியில் 'நீமோ முனை' என்ற இடத்தைக் கடந்தார்கள். பசிபிக் பெருங்கடலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கரை 2,600 கி.மீ.க்கு அப்பால் இருக்கும் இடம் அது. விண்வெளி நிலையம் தலைக்கு மேலே போகும்போது, பக்கத்து வீட்டுக்காரர்கள் அதில் இருப்பவர்கள்தான்.

அங்கே பாய் கிழிந்தால் யார் தைப்பது? கயிறு சிக்கினால், குழாய் அடைத்தால், இருவரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால்? கூப்பிட ஆளில்லை. இந்தப் பயணத்துக்கு மூன்று ஆண்டுகள் பயிற்சி எடுத்தார்கள் என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். பத்திரிகைகள் எட்டு மாதப் பயணத்தைக் கொண்டாடின. எனக்கு அந்த மூன்று ஆண்டுகள்தான் பெரிசு. தைரியம் என்று ஊர் சொல்வதில் பெரும்பங்கு பயிற்சிதான். மிச்சம்தான் பிறவிக் குணம். பயிற்சி உனக்கும் கிடைக்கக்கூடியது.

"அவங்க நேவி. நாங்க கேக்கறது கோஸ்ட் கார்டு, போலீஸ்" என்று திருத்துவாய். சரி. நேவி நாட்டுக்காகப் போரிடும் படை. நீ கேட்பது கடலில் சட்டத்தை நிலைநாட்டும் வேலை. எழுபதுகளில் தங்கமும் கைக்கடிகாரமும் படகுபடகாகக் கரையேறிய காலத்தில்தான், இதற்குத் தனிப் படை வேண்டும் என்று அரசுக்கு உறைத்தது. 1977 பிப்ரவரி 1 அன்று இந்தியக் கடலோரக் காவல்படை இடைக்கால ஏற்பாடாகத் தொடங்கியது, 1978ல் தனிச் சட்டம் வந்தது. அதன் ஒரு மாவட்டத் தலைமையகம் இன்று நம் புதுச்சேரியிலேயே இருக்கிறது. கரையை ஒட்டிய கடல் கடலோரப் போலீஸின் பொறுப்பு. 12 கடல் மைல் வரை நாட்டின் எல்லைக் கடல், 200 கடல் மைல் வரை நம் பொருளாதார மண்டலம், அவ்வளவு தூரமும் காவல்படை சுற்றும். கடலில் ஆபத்தென்றால் காவல்படைக்கு 1554, கடலோரப் போலீஸுக்கு 1093. இந்த இரண்டு எண்ணையும் இப்போதே போனில் ஏற்று. வேலை கிடைத்தபிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்பவள் இந்த வேலைக்கு ஆகமாட்டாள்.

இனி கடல் கேட்பதைப் பார்ப்போம்.

அது முதலில் வயிற்றைக் கேட்கும். படகு வேகமாக ஓடும்வரை ஒன்றும் தெரியாது. சந்தேகத்துக்குரிய ஒரு படகைப் பார்த்து இன்ஜினைக் குறைத்து, அலையில் பக்கவாட்டில் ஆட ஆரம்பிக்கும் பார், அப்போது ஆரம்பிக்கும் உன் பரீட்சை. கண் 'அசையவில்லை' என்கிறது. உள்காது 'ஆடுகிறோம்' என்கிறது. மூளை குழம்பிப்போய் வயிற்றைப் பிடித்து உலுக்குகிறது. டீசல் நாற்றம் வேறு. நீ வாந்தியெடுக்கும்போது உடன் இருக்கும் ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். "நான்தான் அப்பவே சொன்னேன்ல?" அவர்களும் முதல் மாதத்தில் இதே படகின் விளிம்பைக் கட்டிக்கொண்டு குடலைக் கொட்டியவர்கள்தான். அதை உன்னிடம் சொல்லமாட்டார்கள். இங்கிலாந்தின் கடற்படைத் தளபதி நெல்சன் ஆயுள் முழுக்கக் கடல் மயக்கத்தால் அவதிப்பட்டவர். அந்த நெல்சனிடம்தான் நம் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் கப்பல் கப்பலாக இழந்தார்கள். வாந்தியெடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு ஜெயித்த மனிதர்!

ஆகவே வெட்கப்படாதே. வேலையாகப் பார். படகின் நடுப்பகுதியில் நில், அங்கே ஆட்டம் குறைவு. தூரத்தில் வானமும் நீரும் சேரும் கோட்டைப் பார், செல்போனைப் பார்க்காதே. வெறும் வயிற்றோடு ஏறாதே, வயிறு முட்டவும் தின்னாதே. இரண்டு இட்லி போதும். ஒரு துண்டு இஞ்சியை வாயில் அடக்கிக்கொள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாள் தொடர்ந்து கடலில் இருந்தால் உடம்பு பழகிவிடும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மாதம் ஒருமுறை கூட்டிப்போய், வாந்தியெடுத்தாய் என்று அடுத்த மாதம் விட்டுவிட்டால் ஜென்மத்துக்கும் பழகாது. 'உனக்குக் கடல் ஒத்துக்கலை' என்று முடிவுகட்டும் முன், 'தொடர்ந்து எத்தனை நாள் கூட்டிப்போனீங்க?' என்று கேள்.

அடுத்து, ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குத் தாவுவது. இதற்கு ஆம்பளை பலம் வேண்டும் என்பார்கள். கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். இரண்டு படகும் பக்கம்பக்கமாக நிற்கின்றன. அலை ஒன்றைத் தூக்கும்போது மற்றது இறங்குகிறது. இடைவெளி ஒரு முழம் ஆகிறது, மறுகணம் மூடிக்கொள்கிறது. அந்த இடைவெளியில் காலோ கையோ மாட்டினால் எலும்பு நொறுங்கும். பலசாலி அவசரப்பட்டுத் தாவுகிறான், இறங்கிக்கொண்டிருக்கும் படகில் போய் விழுகிறான். தெரிந்தவர்கள் காத்திருப்பார்கள். முழங்கால் லேசாக மடிந்திருக்கும், ஒரு கை எப்போதும் பிடியில் இருக்கும். தான் நிற்கும் படகு அலையின் உச்சிக்கு வரும் அந்த ஒரு நொடியில், அகலமாக ஓர் எட்டு வைத்து மாறிவிடுவார்கள். பார்க்க ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். அந்த நொடியைப் பிடிக்க நூறு முறை பழக வேண்டும். கண்ணுக்கும் காலுக்கும் உள்ள கணக்கு அது. புஜத்தின் சுற்றளவை அது கேட்பதில்லை.

இதற்காகவெல்லாம் நீ மாற வேண்டும். தோள் வலுப்பட வேண்டும், கை காய்த்துப்போக வேண்டும், முகம் கருக்க வேண்டும். கருத்தால் என்ன? பீச்சில் கறுப்புக் கண்ணாடி போட்டுப் படுத்து வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்து வாங்கும் நிறம், உனக்குச் சம்பளத்தோடு வருகிறது.

இப்போது வெளியே யாரும் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர். காலை 5 மணிக்குப் படகு கிளம்பும் என்றால், முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் பெண்கள் இருக்கிறார்கள். கடலோரத்தில் மட்டுமில்லை, பந்தோபஸ்துக்கு நிற்கும் எந்தப் பெண் போலீஸைக் கேட்டாலும் சொல்வாள். ஏறும் படகு சிறிசு. கழிவறை இருக்காது, இருந்தால் தாழ்ப்பாள் சரியாக இருக்காது. எட்டு மணி நேரம் வெயிலில், உப்புக் காற்றில், ஒரு சொட்டு நீர் இல்லாமல். விளைவு? நாக்கு வறண்டவளுக்குத் தலைசுற்றலும் மயக்கமும் இரட்டிப்பாகும். உடனே தீர்ப்பு வந்துவிடும்: 'பொம்பளைங்களுக்குத் தாங்காது.' தாங்காதது உன் உடம்பா, அந்தப் படகா?

இதைக் கடல் கேட்கவில்லை. படகு கட்டியவன் உன்னை நினைக்கவில்லை, அவ்வளவுதான். நினைக்க வை. ஒரு திரைத்துணி, மூடியுள்ள ஒரு வாளி, ஐந்து நிமிடம் எல்லோரும் முன்பக்கம் பார்த்து நிற்பது என்ற ஒழுங்கு. இவ்வளவு எளிதான ஏற்பாட்டைக் கேட்கக் கூச்சப்பட்டுச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. முதல்முறை கேட்கும்போது முகம் சிவக்கும். அவர்கள் முகமும் சிவக்கும். மூன்றாம் முறை யாருக்கும் ஒன்றும் இருக்காது. மாதவிடாய் நாளில் கடலுக்குப் போவதா வேண்டாமா என்பது உன் உடம்பைப் பொறுத்து நீ எடுக்கும் முடிவு. போகிறேன் என்றால் நீர் புகாத பையில் நாப்கினும் மாற்று உடையும் எடுத்துக்கொண்டு போ. உயிர்காப்பு அங்கியையும் கவனி. ஆண் அளவில் தைத்த அங்கி உனக்குத் தொளதொளவென்று இருந்தால், தண்ணீரில் விழுந்ததும் அது மேலேறி முகத்தை மூடும். பட்டையை இழுத்துக் கட்டிப் பார், அப்படியும் நிற்கவில்லை என்றால் உன் அளவில் கேட்டு எழுதிக்கொடு. எழுத்தில் கொடு. வாயால் கேட்டது காற்றோடு போகும்.

எதிர்ப்பைவிட எனக்குப் பயம் தருவது கரிசனம். "எதுக்கும்மா உனக்குக் கடலெல்லாம்? வெயில்ல கறுத்துப்போயிடுவ. நீ ஸ்டேஷன்லயே இரு, மைக்கைப் பாத்துக்க, ரைட்டருக்கு உதவியா இரு." சொல்பவர் கெட்டவர் இல்லை. தன் மகளிடம் பேசுவதாகவே நினைப்பார். உனக்கும் இதமாக இருக்கும். முதல் மாதம் நிழல், மின்விசிறி, ஆறு மணிக்கு வீடு. ஒரு வருஷம் ஓடும். ரோந்துப் பட்டியலில் உன் பெயர் இருக்காது. மூன்றாம் வருஷம் படகுப் பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது கேட்பார்கள்: "கடல் அனுபவம் எத்தனை மணி நேரம்?" உன்னிடம் சொல்ல ஓர் எண் இருக்காது. அன்றைக்கு உன்னை யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். அன்பாக உட்காரவைத்திருப்பார்கள், அவ்வளவே.

அந்த எண்ணின் அருமையைப் பிரியங்கா தியாகியைக் கேட்டால் தெரியும். கடலோரக் காவல்படையில் 2009ல் சேர்ந்த விமானி. டார்னியர் விமானத்தில் கடல்மேல் பறந்து கண்காணித்தவர். கிட்டத்தட்ட 4,500 மணி நேரம் பறந்தவர். குறுகிய காலப் பணி என்ற கணக்கில் 14 ஆண்டு முடிந்ததும், 2023 டிசம்பரில் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். நிரந்தரப் பணி கேட்டு நீதிமன்றம் போனார். தரைப்படைப் பெண்களுக்கும் கடற்படைப் பெண்களுக்கும் 2020லேயே உச்ச நீதிமன்றம் நிரந்தரப் பணி உரிமையை உறுதிசெய்திருந்தது. காவல்படை மட்டும், எங்கள் வேலையின் தன்மை வேறு என்றது. 2024 பிப்ரவரியில் தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு, இந்தக் காலத்தில் இந்த வாதம் எடுபடாது என்று முகத்துக்கு நேரே சொன்னது. நீங்கள் செய்யாவிட்டால் நாங்கள் செய்வோம் என்றது. மார்ச் 11 அன்று, அவரைத் திரும்பப் பணியில் எடுக்க இடைக்கால உத்தரவு வந்தது.

அவர் நீதிமன்றத்தில் கண்ணீரோடு போய் நிற்கவில்லை. மணிக்கணக்கோடு போய் நின்றார். ஆகவே இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கு. படகில் ஏறிய தேதி, மணி, அலை எப்படி, காற்று எந்தப் பக்கம், எத்தனை படகைச் சோதித்தீர்கள், நீ என்ன செய்தாய். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் இரண்டு வரி போதும். பட்டியலில் உன் பெயர் இல்லாத நாளையும் குறித்து வை. அதுவும் கணக்குதான்.

முன்னால் போனவர்கள் இல்லாமல் இல்லை. 1999ல் சேர்ந்த நூபுர் குல்ஸ்ரேஷ்டா, காவல்படையில் டி.ஐ.ஜி. ஆன முதல் பெண். தமிழ்நாட்டில் 1973ல் பெண்கள் போலீஸில் சேர்ந்தபோது கேலி பேசாத வாய் இல்லை. அந்தப் பொன்விழா ஆண்டான 2023ல், அதே துறைப் பெண்கள் சென்னையிலிருந்து கோடியக்கரை வரை பாய்மரப் படகில் போய்த் திரும்பினார்கள். இடையில் இருப்பது நம் கடல்தான். நம் புதுச்சேரிக் காவல்துறைக்கே 2018ல் சுந்தரி நந்தா, 2024ல் ஷாலினி சிங் என்று டி.ஜி.பி. நாற்காலியில் பெண்கள் வந்தார்கள். ஆனாலும் உச்சியில் ஒரு பெண் உட்கார்ந்ததால் கீழே படகில் உனக்கு இடம் தானாக விரிந்துவிடாது. இதை அமெரிக்காவிலும் பார்த்தோம். அங்கே 1979ல் பெவர்லி கெல்லி என்ற பெண் ஹவாய்க் கடலில் கடலோரக் காவல்படைக் கப்பல் ஒன்றுக்குத் தலைவரானார். 2022ல் லிண்டா ஃபேகன் முழுப் படைக்கும் தலைவரானார். 2025 ஜனவரியில் ஆட்சி மாறிய சூட்டோடு அவரைத் தூக்கிவிட்டார்கள். வாங்கிய இடத்தைத் தினமும் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் போலிருக்கிறது.

சரி, படகில் ஏறிவிட்டாய். எதிரே இருப்பது யார்? கொள்ளைக்காரன் எப்போதாவது. பெரும்பாலும் நம் ஊர் மீனவர்தான். வைத்திக்குப்பம், வீராம்பட்டினம், நல்லவாடு. "பொம்பள போட்டுல கால் வெக்கக்கூடாதும்மா" என்று ஒரு பெரியவர் சொல்லுவார். கோபப்படாதே, பணியவும் செய்யாதே. "ஐயா, இது ட்யூட்டி. ரெண்டு நிமிஷம். லைசன்ஸ் எங்க?" என்று கேட்டுக்கொண்டே ஏறு. குரல் உயர வேண்டாம், கால் தயங்க வேண்டாம். அடுத்த மாதம் அவரே கை கொடுத்து ஏற்றிவிடுவார். ஏற்றிவிடாவிட்டாலும் பரவாயில்லை, ஏறத்தான் பழகியிருக்கிறாயே.

மீனவக் குடும்பத்துப் பெண்களிடம் பாடம் கேள். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தில் நிற்கும் அக்காவுக்கு, எந்தப் படகு எத்தனை நாள் கழித்து வந்தது, எவன் எந்த வலை வைத்திருக்கிறான், எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இப்போது முறைப்பு என்பதெல்லாம் அத்துப்படி. 2021 ஆகஸ்டில் சுருக்குமடி வலைத் தகராறில் வீராம்பட்டினமும் நல்லவாடும் மோதி, போலீஸ் வானத்தை நோக்கிச் சுட வேண்டி வந்தது. அந்த மாதிரி நாளில், "நீ போய்ப் பெண்களிடம் சமாதானம் பேசு" என்று உன்னைக் கரையில் நிறுத்துவார்கள். பேசு. நன்றாகவே பேசு. அடுத்த ரோந்தில் படகிலும் இரு. பேச்சுக்கு மட்டும் பெண், படகுக்கு ஆண் என்ற பிரிவினைக்கு ஒப்புக்கொள்ளாதே. சட்டமே உன்னைக் கேட்கிறது: கைதான பெண்ணைப் பெண்தான் சோதனையிட வேண்டும். இலங்கையில் நெருக்கடி முற்றிய 2022ல், தனுஷ்கோடிப் பக்கம் படகுகளில் வந்து இறங்கியவர்களில் கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள் இருந்தார்கள். அந்தத் தாய்க்கு முன்னால் நிற்கும் சீருடைகளில் ஒரு பெண் முகம் இருப்பதை நீ சலுகை என்பாயா?

ஆண்களின் உயிரைப் பெண் காப்பாற்றிய கதை ஒன்று கேள். 2015 ஜூன். ஒடிசாவின் கோபால்பூர் கடலில் 'துர்கம்மா' என்ற மீன்பிடிப் படகு இன்ஜின் போய், நங்கூரமும் அறுந்து மிதந்துகொண்டிருந்தது. நம் ஏனாமுக்குப் பக்கத்து ஊரான காக்கிநாடாப் பக்கத்து மீனவர்கள், ஏழு பேர். சோறும் தண்ணீரும் கடலோடு போய்விட்டன. 25 அடி உயர அலை. அந்த வழியாக வந்த 'சம்பூர்ண ஸ்வராஜ்யா' எண்ணெய்க் கப்பலின் கேப்டன் ராதிகா மேனன். கேரளத்துக் கொடுங்கல்லூரைச் சேர்ந்தவர், இந்திய வணிகக் கப்பலில் கேப்டனான முதல் பெண். அவ்வளவு பெரிய கப்பலை அந்த அலையில் ஒரு சிறு படகின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவது விளையாட்டில்லை. திரும்பத் திரும்ப முயன்று, ஏணி போட்டு, ஏழு பேரையும் ஏற்றிவிட்டார். சர்வதேசக் கடல்சார் அமைப்பு வீரத்துக்காகத் தரும் விருது 2016ல் அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். அந்த ஏணியில் ஏறும்போது, 'பொம்பள கப்பல்ல கால் வெக்கலாமா' என்று ஏழு பேரில் ஒருவராவது யோசித்திருப்பாரா?

நன்றாக வேலை செய்தால் ஒரு பாராட்டு வரும்: "ஆம்பளை மாதிரி வேலை செய்யறா." சிரித்து வாங்கிக்கொள்ளாதே. அந்தப் பாராட்டுக்கு ஆசைப்பட்டுத்தான் சிலர் குரலை மாற்றுகிறார்கள், கெட்ட வார்த்தை பழகுகிறார்கள், பின்னால் வரும் புதுப்பெண்ணை எல்லோரையும்விட அதிகமாகக் கேலி செய்கிறார்கள். இது கடல் கேட்டதா? படகின் பின்பக்கம் ஓடும் ஆபாசப் பேச்சு உன் காதில் விழட்டும் என்றே பேசப்படும்போது, 'கண்டுக்காம இருந்தாத்தான் இங்க நிலைக்க முடியும்' என்று யாராவது சொன்னால், அதையும் வெயிலில் வைத்துப் பார். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், வேலை நிமித்தம் நீ போகும் இடத்தையும், அலுவலகம் ஏற்றிச்செல்லும் வாகனத்தையும் பணியிடம் என்றே சொல்கிறது. கரை மறைந்தாலும் சட்டம் மறையாது. புகார் கொடுக்க மூன்று மாத அவகாசம் உண்டு. மூன்று வருஷம் யோசிக்காதே.

வீட்டையும் விட்டுவிட முடியாது. "ராத்திரி ரோந்துக்குப் போற பொண்ணை எவன் கட்டுவான்?" அம்மா கேட்பாள். ராத்திரி ஷிப்டுக்குப் போகும் நர்ஸுக்கும் கால் சென்டர் பெண்ணுக்கும் கல்யாணம் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. அம்மாவிடம் வாதாடிப் பயனில்லை. அவளை ஒருநாள் துறைமுகத்துக்குக் கூட்டிப்போய், படகைக் காட்டு. தெரியாத இடம்தான் அவளைப் பயமுறுத்துகிறது.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். கடற்படை தன் அக்னிவீரர்களில் பெண்களைச் சேர்த்து, 2023 மார்ச்சில் முதல் அணியை ஒடிசாவின் சில்காவிலிருந்து வெளியே அனுப்பியது. அதில் 273 பேர் பெண்கள். அதே காலத்தில் வந்த காவல்படையின் நாவிக் ஆள்சேர்ப்பு விளம்பரங்களை எடுத்துப் பார், ஆண்களை மட்டுமே அழைத்தன. அதிகாரியாகப் பெண் வரலாம், படகுத்தளத்தில் சாதாரண வீரராக வரக்கூடாது என்ற இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. நம் ஊர்க் கணக்கை நீ கேட்டு வாங்கு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, கட்டணம் 10 ரூபாய். புதுச்சேரி கடலோரப் போலீஸில் பெண்கள் எத்தனை பேர்? அவர்களில் கடந்த ஆண்டு படகு ரோந்துப் பட்டியலில் பெயர் வந்தவர்கள் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் கடலில் இருந்தது எத்தனை மணி நேரம்? மூன்றே கேள்வி. 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு போடு. கையெழுத்துக்குக் கீழே உன் முகவரியைத் தெளிவாக எழுது, பின்கோடு உட்பட.